பச்சைப் புள்ளி வைத்தவள்

நான் கிளம்பிப் போனது ஒரு வியாழக்கிழமை, மதியம் ஒன்றேகால் பேருந்தில். வழியனுப்ப வருகிறேன் என்று சொல்லியிருந்த அத்தை, பேருந்து நிலையத்துக்குள் மூச்சு வாங்க ஓடி வந்தபோது மணி ஒன்று இருபது. அடுத்த பேருந்து அரை மணி நேரத்தில் இருந்தது. எனக்குக் காலில் சக்கரம், நான் காத்திருக்கவில்லை. அவள் ஓடி வந்ததே எனக்கு ஆறு வருடம் கழித்துத்தான் தெரியும்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். எங்களோடுதான் இருந்தாள். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "எனக்குத்தான் ரெண்டு கண்ணும் நல்லாத் தெரியுதே" என்பாள்.

வானத்தைப் பார்க்கிற பெரிய பைனாகுலர்கள் செய்யும் பட்டறையில் அவளுக்கு வேலை. கையில் பிடித்துப் பார்க்கிற சமாச்சாரம் இல்லை. ஒவ்வொரு குழலும் தொடை பருமன் இருக்கும், தாங்கியில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். செய்து முடித்ததெல்லாம் மொட்டை மாடியில் தகரக் கொட்டகைக்கு வரும். அங்கே அத்தை உட்கார்ந்து பார்ப்பாள். சரியென்றால் இடது குழலின் அடியில் பச்சைப் பெயின்டால் ஒரு புள்ளி வைப்பாள். அந்தப் புள்ளி இல்லாமல் பெட்டி கட்டக் கூடாது.

பார்ப்பதற்கு நட்சத்திரம் வேண்டுமே, பகலில் எங்கே போவது? மூன்று தெரு தள்ளி ஒரு கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி மேல், கோலிக்குண்டு அளவு எஃகு உருண்டை ஒன்றை ஒட்டி வைத்திருந்தார்கள். வெயில் அதில் பட்டு ஒரு துளியாக மின்னும். அதுதான் அவர்களுடைய பகல் நட்சத்திரம். ஒவ்வொரு குழலாகக் குவியத்தைச் சற்றுத் திருப்பி, அதைக் கலங்கவிட்டுப் பார்ப்பாள். கலங்கின ஒளி வட்டமாக விரிந்தால் கண்ணாடி நல்லது; முக்கோணமாக விரிந்தால் யாரோ திருகை அதிகமாக முறுக்கிவிட்டார்கள்.

"கண்ணாடில தூசின்னு சண்டைக்கு வருவாங்க. தூசி ஒண்ணும் பண்ணாதுடி. ரெண்டு குழலும் ஆளுக்கொரு பக்கம் பாத்தாத்தான் ஆபத்து" என்பாள்.

அதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். பழகாத கண்ணுக்கு நட்சத்திரம் இரண்டாகத் தெரிந்துவிடும். வருடக்கணக்காகப் பழகிய கண்ணோ, இரண்டையும் தானாக இழுத்து ஒன்றாக்கிக் காட்டும். அதனால் ஒரு பக்கத்தைக் கலங்கவிட்டு, மறுபக்கத்தைத் தெளிவாக வைத்து, இரண்டு கண்ணாலும் பார்க்க வேண்டும். தெளிவான புள்ளி கலங்கின வட்டத்தின் நடுவில் உட்கார்ந்தால் சரி. கண் களைத்திருந்தாலோ ஈரமாக இருந்தாலோ இருபது நிமிடம் மூடி உட்கார்ந்துவிட்டு, முதலிலிருந்து பார்க்க வேண்டும். இந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியவளே அத்தைதான்.

அந்த வியாழக்கிழமை பன்னிரண்டே முக்காலுக்கு, அன்று பெட்டி கட்ட வேண்டிய எட்டில் கடைசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புள்ளி நடுவில் இல்லை. வட்டத்தின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம். காலையிலிருந்தே அழுதுகொண்டுதான் இருந்தாள். ஓ, கண்ணீர் பண்ணுகிற வேலை என்று துடைத்துக்கொண்டாள். கடிகாரத்தைப் பார்த்தாள். இருபது நிமிடம் உட்கார்ந்தால் என்னைப் பார்க்க முடியாது. இரண்டு பக்கத்தையும் தெளிவாக்கி ஒரே ஒரு முறை பார்த்தாள். ஒரு நட்சத்திரம்தான் தெரிந்தது. பச்சைப் புள்ளியை வைத்துவிட்டு ஓடினாள்.

காலியான நடைமேடையில் உட்கார்ந்திருந்தபோதுதான், பழகின கண் இரண்டை ஒன்றாக்கிக் காட்டியிருக்கலாம் என்று உறைத்திருக்கிறது. பட்டறைக்குத் திரும்பினாள். வண்டி எட்டுப் பெட்டிகளோடும் போய்விட்டிருந்தது. கடைசிப் பெட்டியைத் திருப்பி வரவழைக்கச் சொல்லி முதலாளியிடம் போனாள்.

"புகார் வந்துச்சா?" என்றார் முதலாளி.

"இல்ல."

"வந்தா பாத்துக்கலாம். போங்கம்மா."

அந்த எட்டையும் வாங்கிய வெளியூர்க் கடைக்காரருக்குத் தன் போன் நம்பரை எழுதி அனுப்பினாள். யாராவது குறை சொன்னால் இந்த நம்பரைக் கொடுங்கள் என்று. பதில் இல்லை. புகாரும் இல்லை. புகார் வராததுதான் அவளைத் தின்றது.

ஆறு வருடம் கழித்து நான் திரும்பி வந்த அன்று அத்தை அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். குழாய் நுனியில் தொங்கிய தண்ணீர்ச் சொட்டை இடது கண்ணை மூடிப் பார்த்தாள், வலது கண்ணை மூடிப் பார்த்தாள். பிறகு என்னையும் அப்படியே பார்த்தாள்.

"ஒருத்தியாத்தான் வந்திருக்கியா?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

கரண்டியின் மினுக்கம், தெருவிளக்கு, எதிர்வீட்டுக்காரியின் மூக்குத்தி, எது கிடைத்தாலும் அப்படித்தான். பால்காரர் தலைவலி என்றால், "நீங்க பைனாகுலர் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். எங்கோ முகம் தெரியாத ஒரு ஆள், அந்தக் குழலில் குனிந்து, இரண்டிரண்டாகத் தெரியும் வானத்தைப் பார்த்துவிட்டுத் தன் கண்ணைத்தான் குறை சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று நம்பினாள். சில நாள் சாப்பிடும்போது அவனுக்காக நிறுத்திவிடுவாள். "இப்ப கண்ணைக் கசக்குறான்" என்பாள்.

பட்டறையில் எட்டுப் பார்த்த இடத்தில் இரண்டு பார்த்தாள். புள்ளி வைப்பதில்லை. லென்ஸ் துடைக்கிறவரை வைக்கச் சொன்னாள். சட்டைப்பையில் எப்போதும் பஞ்சு இருப்பதால் அவருக்குப் பஞ்சு என்றே பெயர்.

"ஏங்க்கா, நீங்க நாலு தடவ பாத்துட்டு வைக்க மாட்டீங்க, நான் பாக்காமலே வைக்கணுமா? நல்லா இருக்கே நியாயம்!" என்று அவர் புலம்பியதை நானே கேட்டேன்.

ஒருநாள் அத்தையிடம் கேட்டேவிட்டேன். "அது வெறும் கண்ணீராவே இருந்திருந்தா, அத்தை?"

"இருக்கலாம். கண்ணீர்னா தப்பே நடக்கல. குழல்னா தப்பு என்னோடது. எதுன்னு தெரிஞ்சாப் போதும், தூங்கிடுவேன். தெரியலையேடி."

"அடுத்த பஸ்ல நான் போயிருக்கலாம்" என்றேன்.

"போயிருக்கலாம்" என்றாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவள் போனில் ஒரு மெசேஜ் வந்தது. தெரியாத நம்பர். அத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள். மறு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை வாசித்தாள். பிறகு போனை என்னிடம் நீட்டிவிட்டு, இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டாள்.

"வணக்கம். கடைக்காரர் இந்த நம்பர் கொடுத்தார். ஆறு வருஷம் முன்னாடி எங்கப்பா உங்க பெரிய பைனாகுலர் ஒண்ணு வாங்கினார். ரெண்டு கண்ணாலயும் வானத்தப் பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. பெட்டி வந்த வாரமே அவருக்கு வலது கண் பார்வை போயிடுச்சு. அப்புறம் இடது கண்ணாலதான் தினமும் பாத்தார். இவ்ளோ சுத்தமான கண்ணாடிய நான் பாத்ததே இல்லன்னு சொல்லிட்டே இருப்பார். போன வாரம் இறந்துட்டார். நேத்து நான் முதல் தடவையா ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். ஒரு நட்சத்திரம் ரெண்டா தெரியுது. அழுததால இருக்கும்னு நெனச்சு, கண்ணத் தொடச்சுட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்து மறுபடி பாத்தேன். அப்பவும் ரெண்டுதான். இடது குழலுக்கு அடியில ஒரு பச்சைப் புள்ளி இருக்கு. அது வெச்சது நீங்கதானா?"