ஹாரன் அடிக்காத லாரி

1950-களின் நடுவில், போடிநாயக்கனூருக்கு மேற்கே ஏலமலை ஏறும் பாதை ஒன்றின் அடிவாரத்தில் நான் கேட் வாட்ச்மேனாக இருந்தேன். முப்பது வயது. வாய் கொஞ்சம் நீளம். இப்போதும் அப்படித்தான்.

அந்தப் பாதையில் ஒரு வண்டிதான் போகலாம். எதிரே இன்னொன்று வந்தால் ஒதுங்க இடமில்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். அதனால் அடியில் ஒரு கேட், உச்சியில் ஒரு கேட். போன் கிடையாது. இருந்தது ஒரே ஒரு சிவப்புப் பலகை. கீழே இறங்கும் வண்டிகளில் கடைசியாக வருவது அதைக் கொண்டுவந்து என் கையில் கொடுக்கும். பலகை வந்துவிட்டால் பாதையில் யாரும் இல்லை என்று அர்த்தம். அப்புறம்தான் ஏறும் வண்டிகளுக்குக் கேட்டைத் திறப்பேன். அவற்றில் கடைசி வண்டியோடு பலகை மறுபடி மேலே போகும்.

ஒரு மரத்துண்டு, அவ்வளவுதான். ஆனால் டிரைவர்கள் அதை முழுசாக நம்பினார்கள். இறக்கத்தில் இஞ்சினை அணைத்துவிட்டு, எந்த வளைவிலும் ஹாரன் அடிக்காமல் வருவார்கள். முதலில் ஏலக்காய் வாசனை வரும். பிறகு சரளைக்கல் நொறுங்கும் சத்தம். அப்புறம் பனிக்குள் இரண்டு மஞ்சள் விளக்குகள். மலையே தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல, லாரி சத்தமில்லாமல் வந்து என் முன்னால் நிற்கும்.

எனக்கு அதில் கர்வம். தேவாரம் ஊர்க் கல்யாணக் கோஷ்டி ஒன்றை, முகூர்த்தம் தப்பிவிடும் என்று அவர்கள் கத்தியும், ஒன்றரை மணி நேரம் நிறுத்தி வைத்தேன். "பலகை வராம பொண்ணும் போகாது, மாப்பிள்ளையும் போகாது" என்றேன். பெண்ணின் மாமன் மண்ணை வாரித் தூற்றினான். நான் அசையவில்லை.

அந்த நான்தான் ஓர் ஐப்பசி மாதப் பிற்பகலில் கேட்டைத் திறந்தேன்.

அன்று எல்லா வண்டிகளும் இறங்கிவிட்டன. சிலமலை என்ற ஊர்க்காரன் ஒருவனின் லாரி மட்டும் பாக்கி. பலகை அவனிடம். பனி கேட் வரைக்கும் இறங்கியிருந்தது. எஸ்டேட் முதலாளி ஒருவரின் ஜீப் வந்து நின்றது. அவர் அதட்டியிருந்தால் நானும் பதிலுக்கு அதட்டியிருப்பேன். அவர் சிரித்தார்.

"அப்பு, இந்த மலையில உன்னைவிட வெவரம் தெரிஞ்சவன் எவன்? நீயே சொல்லு. இந்தப் பனியில இனிமே லாரி எறங்குமா?"

"எறங்காது மொதலாளி. மேலேயே படுத்திருப்பான்."

'வெவரம் தெரிஞ்சவன்' என்ற அந்த ஒரு சொல்லுக்கு மயங்கினேன். கேட் திறந்தது.

கொஞ்ச நேரத்தில் மேலே ஒரு சத்தம். ஓடினேன். மூன்றாவது வளைவில் லாரி பாறையில் முட்டிக்கொண்டு நின்றது. வழக்கம்போல ஹாரன் அடிக்காமல் இறங்கியவன், பனிக்குள் திடீரென்று ஜீப்பைப் பார்த்து, பள்ளத்துப் பக்கம் போகாமல் பாறைப் பக்கம் ஒடித்துவிட்டான். ஜீப்பில் கீறல்கூட இல்லை. மூட்டை பிரிந்து ஈர மண்ணெல்லாம் ஏலக்காய். அவ்வளவு நல்ல வாசனையை நான் அதற்கு முன்பும் பின்பும் முகர்ந்ததில்லை. அவன் லாரிப் படியில் உட்கார்ந்திருந்தான். ஸ்டீயரிங் உதறியதில் வலது மணிக்கட்டு முறிந்து தொங்கியது. இடது கையால் பலகையை நீட்டினான்.

"இந்தா உன் பலகை. இப்பக் கேட்டைத் தெறந்துக்க."

மறுநாள் மேலதிகாரி வந்தார். 'பனிமூட்டமே காரணம்' என்று எழுதினார். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். வேலை தப்பியது என்று அன்று நிம்மதியாகக்கூட இருந்தது.

அதற்கப்புறம்தான் மலையில் ஹாரன் சத்தம் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும், ஏறுகிறவனும் இறங்குகிறவனும் பகல் முழுக்க ஹாரன். பலகையைக் கையில் தரமாட்டார்கள், ஜன்னல் வழியாக என் காலடியில் எறிவார்கள். கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஒருவன் சொன்னான்: "அந்தப் பலகையை வெரசா கொண்டாங்கப்பா, அடுப்புல வைப்போம். டீயாவது கொதிக்கும்." கேலியைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் சிலர் பலகைக்குக் காத்திராமல், ஹாரனை நம்பி, கேட்டைத் தாங்களே திறந்துகொண்டு ஏறத் தொடங்கினார்கள். இரண்டு தடவை வண்டிகள் நேருக்கு நேர் வந்து மயிரிழையில் நின்றன. மூன்றாவது தடவை ஆள் சாவான் என்று எனக்குத் தெரியும்.

அதிகாரியிடம் போய், மாற்றி எழுதச் சொன்னேன். "கிறுக்கா உனக்கு? வேலை போயிரும்" என்றார். திரும்பி வந்து ஒரு தாளில், 'அன்று பலகை வராமல் கேட்டைத் திறந்தவன் நான்தான். பனி அல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கேட் கம்பத்தில் ஒட்டினேன். ஒரு வாரம் கழித்து அதிகாரி வந்து அதைப் படித்தார். கிழிக்கவில்லை. எனக்கு மெமோ கொடுத்துவிட்டுப் போனார்.

ஹாரன் நிற்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து சிலமலைக்காரன் வேலைக்கு வந்தான். மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. தாளை டீக்கடைக்காரரைப் படிக்கச் சொல்லிக் கேட்டான்.

"காயிதம் நல்லாத்தான் ஒட்டியிருக்கு. வழி காலின்னு நீ சொல்றது நெசம்னா, மொத வண்டியில முன்னாடி மட்கார்டுல ஏறி ஒக்காரு. முட்டுனா மொதல்ல நீ சாவு."

ஏறி உட்கார்ந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ஏற்றத்துக்கும் கடைசி வண்டியில் பலகையைக் கொடுத்துவிட்டு ஓடிப்போய் முதல் வண்டியின் மட்கார்டில் தொற்றிக்கொள்வேன். டீக்கடைக்காரர் கேட்டைப் பூட்டுவார். மூன்றாவது வளைவில் இறங்கி நடந்து வருவேன். அந்த நடை விசித்திரமானது. பனியில் என் கால் எனக்கே தெரியாது. மேலே ஹாரன்கள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே தேய்ந்து போகும். எங்கோ ஓடைத் தண்ணீர் பேசும். நான் இருக்கிறேனா இல்லையா என்றுகூடத் தோன்றும். பாறையில் லாரி உரசிய வெள்ளைத் தடத்தை மட்டும் கையால் தடவிப் பார்த்துக்கொள்வேன்.

தை மாதத்தில் ஒரு நாள் அதே முதலாளியின் ஜீப் வந்தது. பலகை வரவில்லை. டீக்கடையில் டிரைவர்கள் டம்ளரைக் கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலமலைக்காரனும்.

"என்ன அப்பு, அவசரமாப் போறேன்..."

"எறங்கி டீ குடிங்க மொதலாளி. பலகை வரட்டும்."

"உன் மேலதிகாரிக்கு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், தெரியும்ல?"

"சொல்லுங்க. சோலி போனாலும் பலகை வந்தப்புறந்தான் வண்டி போகும்."

ஒரு மணி நேரம் ஜீப்பிலேயே முறைத்துக்கொண்டிருந்தார். கடைசி லாரி வந்தது. டிரைவர் பலகையை எறியப் போனவன், டீக்கடைப் பக்கம் பார்த்துவிட்டு, இறங்கி வந்து கையில் கொடுத்தான்.

மறுநாள் காலை சிலமலைக்காரன் லாரிதான் முதலில் நின்றது. மட்கார்டில் ஏறினேன்.

"எறங்கு."

"எதுக்கு?"

"இஞ்சின் சூட்டுல பின்னாடி வெந்து போயிருக்கும். போதும், எறங்குண்ணே."

அண்ணே என்று அவன் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

லாரி பனிக்குள் போய் மறைந்தது. கேட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் வளைவு. ஹாரன் இல்லை. இரண்டாவது. இல்லை. மூன்றாவது வளைவில் இஞ்சின் முக்கும் சத்தம் கேட்டது, ஹாரன் மட்டும் கேட்கவில்லை.

பாதை அகலமாகி, கேட்டைப் பிடுங்கி எறிந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. எந்த ஆபீசிலாவது ஒருவர் தன் மேல் தவறில்லை என்று தாளில் எழுதும்போது, 'பனிமூட்டமே காரணம்' என்ற வரியின் கீழே நான் போட்ட கையெழுத்து ஞாபகம் வந்து எனக்கு எரிகிறது. அப்புறம் அந்த மூன்றாவது வளைவில் கேட்காமல் போன ஹாரனுக்காக, இந்த வயதிலும் என் காது ஒரு நிமிஷம் காத்திருக்கிறது.