தலைப்பைக் கடைசியில் அடிப்பவள்

நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த தட்டச்சுக் கடையில் அவளுக்குப் பெயர் டைப்பக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது அடையாள அட்டையிலும், கடந்த ஏழு மாதமாக ஒரு வழக்குக் கட்டின் மேலட்டையிலும் மட்டும் புழங்கியது. மற்றபடி வக்கீல்கள், குமாஸ்தாக்கள், தேநீர் கொண்டு வருகிறவர் எல்லோருக்கும் அவள் டைப்பக்கா. நாற்பத்தொரு வயது. பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி. கடைக்குக் கணினி நான்கு முறை புதிதாக வந்தது, நாற்காலிக்கு மெத்தை மூன்று முறை மாறியது, உட்கார்ந்திருந்தவள் மட்டும் மாறவில்லை.

எல்லாத் தட்டச்சுக்காரர்களுக்கும் ஒரு பழக்கம் இருக்கும். அவளுடைய பழக்கம், உள்ளே இருப்பதை முதலில் அடித்துவிட்டுத் தலைப்பைக் கடைசியில் அடிப்பது. எந்த நீதிமன்றம், வழக்கு எண் என்ன, யார் மனுதாரர், யார் எதிர்மனுதாரர் என்பதெல்லாம் பழைய கோப்பிலிருந்து எடுத்து மாற்றிப் போடுகிற இரண்டு நிமிட வேலை. அதனால் பாதி நேரம் யார் வீட்டுச் சண்டையை அடித்துக்கொண்டிருக்கிறோம் என்றே அவளுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதில் அவளுக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. தெரிந்தால் எத்தனை பேர் முகத்தைப் பார்த்துச் சிரிக்க முடியும்?

அடிக்கிற விஷயத்தில் மூக்கை நுழைக்காதவள், ஒரே ஒரு இடத்தில் மட்டும் நுழைப்பாள். புருஷன் அடித்தான், பாதுகாப்பு உத்தரவு வேண்டும் என்று வருகிற பெண்களின் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: அவசரத்தில் தகவல் தெரிவிக்க நெருங்கிய உறவினர். அந்தக் கட்டம் வந்ததும் பெரும்பாலான பெண்கள் சுவரைப் பார்ப்பார்கள். டைப்பக்கா விடமாட்டாள். "நல்லா யோசிச்சுப் பாருங்கம்மா, யாராவது ஒருத்தர் இருப்பாங்கல்ல?" என்பாள். சித்தி, பெரியம்மா மகள், கூட வேலை பார்த்தவள் என்று யாரையாவது தோண்டி எடுக்காமல் அடுத்த கட்டத்துக்குப் போக மாட்டாள். தன் கையால் அந்தக் கட்டம் காலியாகப் போனதே கிடையாது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அந்தக் கர்வத்தோடுதான் ஏழு மாதத்துக்கு முன் ஒரு மதிய இடைவேளையில், கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, தன்னுடைய மனுவையே அவள் அடித்தாள். அந்தக் கட்டத்தில் அண்ணனின் எண்ணைப் பார்க்காமலே போட்டாள். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அதுதான்.

கணவன் சரக்குக் கிடங்கு ஒன்றின் முதலாளி. வெளியே எல்லோரிடமும் குழைந்து பேசுவான், வீட்டுக்குள் கை பேசும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சட்டை சரியாகத் தேய்க்கவில்லை என்று அவளுடைய இடது கையைப் பிடித்து முறுக்கினான். மணிக்கட்டு உடைந்தது. தட்டச்சுக்காரியிடம் போய் எதை உடைப்பது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா? அந்த நேரம் பார்த்து அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தான். அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். அவன்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். வண்டியில் போகும்போது, "படியில விழுந்துட்டேன்னு சொல்லிடு பாப்பா. வெளிய தெரிஞ்சா நமக்குத்தான் அசிங்கம்" என்றான். நாற்பதைத் தொடப்போகிற பாப்பா, அண்ணன் சொன்னபடியே டாக்டரிடம் சொன்னாள்.

ஏழு மாதத்துக்கு முன் கணவன் கழுத்தைப் பிடித்தான். அன்றைக்கே அவள் ஒரு பையோடு கிளம்பி, கடைக்குப் பின்தெருவில் ஒரு தையல்காரம்மாவின் மாடி அறையில் குடியேறினாள். இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவும் கிடைத்தது. அவள் இருக்கும் அறைக்கோ கடைக்கோ அவன் வரக்கூடாது, போன் பண்ணக்கூடாது. ஆனால் இடைக்காலம் என்பது இடைக்காலம்தான். இறுதி விசாரணையில் அது நிலைக்காவிட்டால் அன்றோடு செத்துவிடும். மறுநாள் காலையில் அவன் கடை வாசலில் வந்து நிற்கலாம், யாரும் எதுவும் கேட்க முடியாது.

கழுத்தைப் பிடித்ததை யாரும் பார்க்கவில்லை. மணிக்கட்டை உடைத்ததைப் பார்த்தவன் அண்ணன் ஒருவன்தான். அவளுக்காக இலவசமாக வாதாடிய வக்கீலம்மா அவனைத்தான் நம்பியிருந்தார். "வேற எதுவும் வேண்டாம். உங்க அண்ணன் வந்து, பாத்ததைப் பாத்தபடி சொன்னாப் போதும்" என்றார். அண்ணனிடம் சொன்னபோது, "இதெல்லாம் சொல்லணுமா? நான் இருக்கேன்ல" என்றான். மூன்று வாரத்துக்கு முன் அவனுக்கு ஒரு புது வேலை கிடைத்தது. ஏதோ ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர் என்றான். ஊரில் கிடங்குகளுக்கா பஞ்சம்? அவள் எந்தக் கிடங்கு என்று கேட்கவில்லை. வேலைக்குப் போட்டுக்கொள்ள நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று வாங்கிக் கொடுத்தாள்.

விசாரணைக்கு முந்தின நாள் மதியம் இரண்டு மணிக்கு ஒரு புதுக் குமாஸ்தா வேகமாகக் கடைக்குள் வந்தான். கையில் நான்கு தாள், கோழி கிளறியது போன்ற எழுத்து.

"டைப்பக்கா, எங்க டைப்பிஸ்ட் லீவு. நாளைக்குக் காலையில கோர்ட்டுல குடுக்கணும். ஒரு அஃபிடவிட், நாலு மணிக்குள்ள முடிச்சுக் குடுத்துடுங்க."

"தலைப்பு எங்க?"

"முதல் பக்கம் சீனியர்கிட்ட இருக்கு. எடுத்துட்டு வர்றேன். நீங்க உள்ள இருக்கிறதை அடிங்க, உங்களுக்குத்தான் அது பழக்கமாச்சே."

அவன் போனதும் அவள் அடிக்க உட்கார்ந்தாள்.

'மனுதாரர் என் உடன்பிறந்த தங்கை ஆவார்' என்று தொடங்கியது. யார் பெற்ற பெண்ணோ, பாவம், கூடப் பிறந்தவனே எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொல்கிறானே என்று அவள் உச்சுக் கொட்டினாள். விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. 'அவர் சிறுவயது முதலே முன்கோபக்காரர். கோபத்தில் கைக்குக் கிடைத்ததை உடைத்துத் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்பவர். எதிர்மனுதாரரோ சாந்தமானவர், குடும்பப் பொறுப்பு உள்ளவர்.' இந்த மாதிரி வாக்கியங்களை அவள் எத்தனையோ அடித்திருக்கிறாள். அடிக்கிற புருஷன்கள் அத்தனை பேரும் காகிதத்தில் சாந்தமானவர்கள்தான். இப்படி ஒரு அண்ணன் வாய்ப்பதற்கு வாய்க்காமலே இருக்கலாம் என்று நினைத்தபடி தாளைப் புரட்டினாள்.

'பத்து வயதில் மனுதாரர் கோபத்தில் எங்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடியை உடைத்தார். அதில் ஏற்பட்ட தழும்பு அவருடைய வலது புருவத்தின் மேல் இன்றும் உள்ளது.'

விரல்கள் நின்றன. கை தானாகப் போய் வலது புருவத்தைத் தொட்டது.

அந்தக் கண்ணாடியை உடைத்தது அவள் இல்லை. பதிமூன்று வயது அண்ணன் வீட்டுக்குள் பந்தை எறிந்து உடைத்தான். சில்லு தெறித்து அவள் புருவம் கிழிந்தது. "அப்பா என்னைக் கொன்னுடுவாரு பாப்பா" என்று அவன் அழுத அழுகையைப் பார்க்க முடியாமல், நான்தான் உடைத்தேன் என்று அவள் பழியை ஏற்றுக்கொண்டாள். ரத்தம் காயும் முன்னே அடியும் வாங்கினாள். இது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த விஷயம். அந்த இரண்டு பேரில் ஒருவன் அந்தப் பழைய பொய்யையே இப்போது வக்கீலிடம் சாட்சியமாகக் கொடுத்திருந்தான்.

இவ்வளவு நேரமும் அவள் உச்சுக் கொட்டியது தனக்காகத்தான்.

அடுத்த பத்தியைப் படித்தாள். 'மணிக்கட்டு முறிந்ததாகச் சொல்லப்படும் நாளில் நான் வெளியூரில் இருந்தேன். அப்படி எந்தச் சம்பவத்தையும் நான் பார்க்கவில்லை.'  தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"சொல்லு பாப்பா."

"நாளைக்குத்தான் கேஸு. ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு, இருக்கு. பத்து மணிக்குத்தானே?"

"எனக்காக வந்துடுவியாண்ணா?"

கொஞ்சம்கூடத் தயங்கவில்லை அவன். "என்ன பாப்பா இப்படிக் கேக்குறே? நான் இருக்கேன்ல. நீ நிம்மதியாத் தூங்கு."

தயங்கியிருந்தால்கூட மன்னித்திருப்பாள். ஒரு பெருமூச்சு, தொண்டையைச் செருமுகிற சத்தம் ஒன்று, அது போதும் அவளுக்கு. குரல் எப்போதும் போல இனிப்பாக இருந்ததுதான் நெஞ்சை அறுத்தது.

போனை வைத்துவிட்டு, அந்தப் பத்தியையும் அடித்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். வெளியூர் என்பதை உள்ளூர் என்று மாற்றினால் தீர்ந்தது. நாலு மணி அவசரத்தில் எந்தக் குமாஸ்தா சரிபார்க்கப் போகிறான்? சுட்டெலியின் மேல் கை போனது. பிறகு திரும்பி வந்தது. ஊரார் பொய்யையெல்லாம் ஒரு எழுத்துப் பிசகாமல் அடித்துக் கொடுத்தவள், சொந்த வீட்டுப் பொய்க்கு மட்டும் தனிச் சட்டம் வைப்பதா? அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தில் வழக்கத்தைவிட வேகமாக அடித்து முடித்தாள்.

குமாஸ்தா முதல் பக்கத்தைக் கொண்டு வந்தான். அதில் எல்லாம் இருந்தது: அவளுடைய சொந்தப் பெயர், அண்ணன் பெயர், அவன் மேற்பார்வையாளராக வேலை பார்க்கும் கிடங்கின் பெயர். அது அவளுடைய கணவனின் கிடங்கு. தலைப்பையும் அடித்து, அச்செடுத்து, குண்டூசி குத்திக் கொடுத்தாள்.

"ஒரு தப்புக்கூட இல்ல டைப்பக்கா" என்று குமாஸ்தா பாராட்டிவிட்டுப் போனான்.

ஐந்து மணிக்கு வக்கீலம்மாவின் அறைக்குப் போய், ஒரு பழுப்பு உறையை மேசை மேல் வைத்தாள்.

"மணிக்கட்டு உடைஞ்சப்ப ஆஸ்பத்திரியில குடுத்த சீட்டு."

"ஏழு மாசமாக் கேக்குறேன், தொலைஞ்சு போச்சுன்னீங்களே?"

"அதுல படியில விழுந்தேன்னு நானே சொல்லியிருக்கேன். அதான் காட்டல. அண்ணன் வந்து சொன்னா இது எதுக்குன்னு நெனச்சேன்."

வக்கீலம்மா சீட்டைப் பிரித்துப் படித்தார். "இது இப்ப அவங்களுக்குத்தானே உதவும்? அண்ணன் நாளைக்கு வருவார்ல?"

"வருவார். ஆனா எந்தப் பக்கம் நிப்பார்னு தெரியாது. கீழ பாருங்க, அழைச்சுட்டு வந்தவர் கையெழுத்து."

வக்கீலம்மா நிமிர்ந்தார். "அவங்க தரப்புப் பேப்பர் எதையாவது பாத்தீங்களா?"

"கடையில அடிக்கிறதை நான் வெளிய சொல்றதில்லம்மா. இது என் சீட்டு, அதனால குடுக்குறேன்."

மறுநாள் அண்ணன் நீலக் கட்டம் போட்ட சட்டையில் வந்திருந்தான். கணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். எங்கே போயிற்று அந்த 'நான் இருக்கேன்ல'? அவனுடைய வாக்குமூலம் வாசிக்கப்பட்டது. வக்கீலம்மா ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினார். நீதிபதி கண்ணாடியை மாற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"படியில விழுந்தேன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. இன்னைக்கு வேற மாதிரி சொல்றீங்க. நான் எதைம்மா நம்பறது?"

"பொய் சொன்னது நான்தாங்க" என்றாள் அவள்.  "சொல்லச் சொன்னவர் அதுக்குக் கீழேயே கையெழுத்துப் போட்டிருக்கார்."

நீதிபதி சீட்டையும் வாக்குமூலத்தின் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் கடைசி எழுத்துக்கு ஒரே மாதிரி நீண்ட வால். அண்ணன் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு வெளியூர்ல இருந்த நீங்க, இந்த ஊர் ஆஸ்பத்திரியில எப்படிக் கையெழுத்துப் போட்டீங்க?"

அண்ணன் கணவனைப் பார்த்தான். கணவன் ஜன்னலைப் பார்த்தான். நீதிபதி, அதுவரை யார் கண்ணிலும் படாமல் சீட்டின் ஓரத்தில் டாக்டர் பொடியாகக் கிறுக்கியிருந்ததைச் சத்தமாகப் படித்தார்: நோயாளி படியில் விழுந்ததாகச் சொல்கிறார், முன்கையில் விரல் தடங்கள் உள்ளன. படிக்கட்டுக்கு விரல் இருக்கிறது என்று எந்த வக்கீலும் வாதாட முடியாதே. உத்தரவு இரண்டு வருடத்துக்கு நிலைத்தது.

நடைபாதையில் அண்ணன் பின்னாலேயே வந்தான்.

"பாப்பா, நேத்து நீ போன் பண்ணும்போதே உனக்குத் தெரியுமா?"

"தெரியும். அதை அடிச்சதே நான்தான்."

அவன் முகம் வெளிறியது. "அப்புறம் ஏன் வருவியான்னு கேட்டே? மூஞ்சிக்கு நேரா நாலு திட்டு திட்டியிருக்கலாம்ல?"

"நீயா வாயைத் திறந்து சொல்லுவியான்னு பாத்தேன்."

"என் நிலைமையையும் நெனச்சுப் பாரு. எனக்கும் பிள்ளைங்க இருக்கு. மாப்பிள்ளை வேலையைக் குடுத்துட்டு, ஒரு கையெழுத்துதானேன்னு கேட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"வேலைக்காகப் பொய் சொன்னே, சரி. கண்ணாடியை ஏண்ணா சொன்னே?"   அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான். அவள் படியிறங்கி வந்துவிட்டாள்.

உத்தரவின் நகலைக் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். அங்கே புதுப் படிவம் கொடுத்தார்கள். கையால் நிரப்பிக் கொடுத்தாள். மேசையில் இருந்த பெண் காவலர், சின்ன வயசு, அக்கறையான முகம், மேலிருந்து கீழே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்து நிறுத்தினாள்.

"இந்தக் கட்டம் காலியா இருக்கேக்கா. நெருங்கிய உறவினர்."

"தெரியும்மா."

"அப்படி விடக்கூடாதுக்கா. நல்லா யோசிச்சுப் பாருங்க, யாராவது ஒருத்தர் இருப்பாங்கல்ல?"

டைப்பக்கா சுவரைப் பார்த்தாள். பத்தொன்பது வருடமாகத் தன் எதிரே உட்கார்ந்து சுவரைப் பார்த்த பெண்கள் அங்கே எதைத் தேடினார்கள் என்று இப்போது தெரிந்தது. அவர்களை ஒருமுறையாவது சும்மா விட்டிருக்கலாம்.

"இருந்தாங்க" என்றாள்.

பேனாவை வாங்கிக் கடையின் தொலைபேசி எண்ணை எழுதினாள். பக்கத்தில் உறவு என்று கேட்டிருந்த இடத்தில், வேலை செய்யும் இடம் என்று எழுதிக் கொடுத்தாள்.