உப்பில்லாத விருந்து

என் அத்தையின் இடது கண் போனதற்கு எங்கள் வீட்டில் எல்லோரும் அத்தையைத்தான் திட்டினார்கள். கண்வலிக்குக் கோயம்புத்தூர் டாக்டர் ஒருவர் தன் கையாலேயே கலந்து கொடுத்த சொட்டு மருந்து அது. விட்ட சில நாளில் கண் வெளுத்துப் பார்வை போய்விட்டது. அப்பா போய்க் கேட்டதற்கு, "பத்தியத்தை மீறியிருப்பாங்க" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார் அந்த மனுஷர். அப்பாவும் தலையாட்டிவிட்டு வந்தார். வெள்ளைக்காரன் ஆண்ட காலம், நான் சின்னப் பிள்ளை. கோட்டுப் போட்டவர் சொன்னால் எங்களுக்கு மறுபேச்சே கிடையாது. அன்றிலிருந்து அத்தைக்கு வாயைக் கட்டத் தெரியாதவள் என்று பெயர். பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட அம்மா அப்படித்தான் சொன்னாள். பாவம் அத்தை, மீறவே இல்லை என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள்.

அடுத்த தை மாதம், தன் மகள் கல்யாணத்துக்குத் தேங்காய் விலை பேச அதே டாக்டர் பஸ் ஏறிக் கிணத்துக்கடவுக்கு, எங்கள் தோப்புக்கே வந்து சேர்ந்தார். வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பினால் எங்கள் பக்கம் மானம் போய்விடும். அப்பா கோழி அடிக்கச் சொல்லி விழுந்து விழுந்து உபசரித்தார். இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் குழம்பின் வாசனை மூக்கில் வருகிறது. ஆனால் பரிமாற வந்த அத்தை டாக்டரின் இலையில் வைத்தது வெறும் சோறும் வேகவைத்த பாசிப்பருப்பும்தான்.

ஒரு வாய் வைத்த டாக்டர், "என்னுங்க அம்மணி, உப்பே இல்லீங்களே?" என்றார்.

"நீங்க சொன்ன பத்தியமுங்க. மருந்து விட்ட நாளெல்லாம் இதையேதானுங்க தின்னேன். உப்பும் தொடலீங்க, புளியும் தொடலீங்க. அப்புறம் எப்படிங்க என் கண்ணு போச்சு?"

அப்பா பல்லைக் கடித்தார். "ஊட்டுக்கு வந்தவங்களை இப்படியா கேக்கறது? உள்ள போ அம்மணி."

அத்தை நகரவில்லை. அத்தனை கோபத்திலும் ஒரு 'ங்க' குறையவில்லை பாருங்கள், எங்கள் ஊர்க்காரர்களை எதிலும் சேர்க்க முடியாது.

டாக்டர் அந்த உப்பில்லாத சோற்றையே இன்னொரு வாய் அள்ளித் தின்றார். பிறகு, "நீங்க மீறலீங்க. மருந்துலதானுங்க தப்பு. அப்பவே எனக்குத் தெரியுமுங்க" என்றார்.

செம்புடன் நின்ற அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அத்தை சமையலறைக்குள் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. தப்பை டாக்டரே ஒப்புக்கொண்டுவிட்டார், இனிக் கண் சரியாகிவிடும் என்று நான் ஒரே சந்தோஷத்தில் இருந்தேன்.

மறுநாள் காலை அத்தையின் நல்ல கண்ணை என் உள்ளங்கையால் மூடி, "இப்பத் தெரியுதுங்களா அத்தை?" என்று கேட்டேன்.

அத்தை என் கையை விலக்கவில்லை. "தெரியுது சாமி" என்றாள்.

நான் அதைத் தோப்பெல்லாம் ஓடி ஓடிச் சொன்னேன்.