தில்லைமுனைக்கு ஆள் வந்தால்

உப்புநீர்க் களப்பின் அந்தக் கரையில் ஏதாவது அசைந்தால் போதும், ஆதம்பாவா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிடுவார். தோணியின் கயிற்றை அவிழ்க்கும் முன்பே, "வாறன், வாறன், நில்லுங்க!" என்று கத்தத் தொடங்கிவிடுவார். பாதித் தூரம் போனபிறகுதான் அது மேயவந்த எருமை என்று தெரியும். "சீ, நீயா?" என்று அதனிடம் ரெண்டு வார்த்தை கதைத்துவிட்டுத்தான் திரும்புவார். அதுவும் இல்லாத நாட்கள் எத்தனையோ!

தில்லைமுனை கடலுக்கும் களப்புக்கும் இடையில் கிடக்கிற ஒரு மணல் நாக்கு. அங்கே போகப் பாதை கிடையாது. கண்டல் மரங்களும் பறவைகளும் உண்டு, மணல்மேட்டில் ஏறி நின்றால் கொஞ்சம் போல ஃபோன் சிக்னலும் உண்டு. சாய்ந்தமருதில் ஃபோன் கடை வைத்திருக்கும் ஷிப்லி அங்கே ஓலையால் கபானா என்று ஒரு விடுதிக் குடிசை கட்டி, 'மனித வாடையே இல்லாத இடம்' என்று ஃபேஸ்புக்கில் படம் போட்டிருக்கிறான். அதைப் பார்த்துக் கொழும்பிலிருந்தெல்லாம் வருகிறார்கள். அவர்களைத் தோணியில் ஏற்றுவதும் சமைத்துப் போடுவதும் ஆதம்பாவாவின் வேலை. "மனிசர் இல்லாத எடத்துக்கு மனிசர் என்னத்துக்கு வாறாங்க?" என்பது அவருக்கு இன்றுவரை விளங்காத சங்கதி.

சொந்த ஊர் அட்டாளைச்சேனை. அந்தப் பக்கத்தில் பெண்பிள்ளையைக் கட்டிக்கொடுக்கும்போது வீட்டையும் எழுதிக்கொடுப்பார்கள். மூத்தவளுக்குக் கல்வீட்டைக் கொடுத்தார். பின்வளவில் சின்னதாக ஒன்று கட்டினார், அது இளையவளுக்குப் போயிற்று. மனைவி சித்தி லைலா இருந்தவரை மகள் வீடும் தன் வீடாகத்தான் இருந்தது. அவள் மவுத்தான பிறகுதான் வீடு மருமகனுடையது என்று அவருக்குப் பட்டது. "மருமகன் தங்கமான புள்ள. ஒரு குறை செல்ல ஏலா. ஆனா நான் கதிரையில இருந்தா அவர் மரியாதைக்கு வெளிய போய் நிக்கிறாரு. எவ்வளவு நேரந்தான் நிப்பாரு, பாவம்?" அதனால் இவரே வெளியே வந்து, தில்லைமுனையில் காவலுக்குத் தங்கிவிட்டார்.

வாய் மட்டும் சும்மா இராது. யாரைக் கண்டாலும், "எந்தூரு? ஆர்ட மகன்?" என்று தொடங்கி, எப்படியாவது ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் மூச்சுவிடுவார். அந்த மனுசன் செய்த காரியத்தைக் கேளுங்கள். கொழும்பிலிருந்து புதுசாகக் கலியாணம் முடித்த சோடி ஒன்று வந்தது. நண்டு ஆணம் காய்ச்சி, சோற்றை விருந்துபோல ஒரே சஹனில் குவித்து, பாய் விரித்து நடுவில் வைத்தார். ஊரில் ஆறு பேர் சுற்றியிருந்து கையிடும் பெரிய தட்டு அது. இங்கே ரெண்டே பேர். சஹனில் இடம் காலியாகக் கிடந்தால் ஆள் இருந்து நிரப்புவதுதானே முறை? பிஸ்மி சொல்லித் தானும் உட்கார்ந்து சோற்றில் கையை வைத்துவிட்டார்! அந்தப் பிள்ளைகள் கையைக் கழுவிக்கொண்டு எழும்பிப் போனார்கள். காவல்காரர் தங்களை நிம்மதியாக இருக்கவிடவில்லை என்று ஃபேஸ்புக்கில் எழுதியும் விட்டார்கள்.

ஷிப்லி ஓடிவந்தான். "காக்கா, அவங்க தனிய இரிக்கத்தான் இங்க வாறாங்க. சோத்த வாசல்ல வெச்சிட்டு வந்திருங்க. கதைக்க வாணாம். மறுகா ஒருத்தர் இப்பிடி எழுதினா நான் வேற ஆளத்தான் பாக்கணும்."

"ஓம் மகன்," என்றார் ஆதம்பாவா. வேறு என்ன சொல்வார்? இதுவும் போனால் மகள் வீட்டுக் கதிரைதான்.

அதன் பிறகு வந்தவன் சுபாஸ்கரன். கொழும்பில் வேலை, சொந்த ஊர் பாண்டிருப்பு என்று ஷிப்லி சொல்லியிருந்தான். அட, பாண்டிருப்பா! கல்முனைச் சந்தையில் வத்தகைப்பழம் விற்ற காலத்தில் பாண்டிருப்பில் பாதிப்பேர் அவருக்குப் பழக்கம். தோணியில் எதிரே இருந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க நாக்கு நமநமவென்றது. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு கோலை ஊன்றினார். சோற்றை வாசலில் மூடிவைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தார். இருமல் வந்தால்கூட கண்டல் மரத்துக்குப் பின்னால் போய் இருமினார். கேட்க நினைத்ததையெல்லாம் மீன் கழுவும்போது மீனிடம் கேட்டார்.

ஒரு பின்னேரம் சுபாஸ்கரன் தானாகவே தண்ணீர் ஓரம் வந்து நின்றான். "அது என்ன பறவை, நானா?" என்று அண்ணனைக் கூப்பிடுவதுபோலக் கேட்டான்.

போன மாசியில் அதில் ஒன்று அவருடைய வலையில் சிக்கியது, காலில் சுற்றிய நூலை அறுத்து மீன் ஊட்டி வளர்த்தது, அது இவரைக் கொத்திவிட்டுப் பறந்தது, எல்லாம் தொண்டைவரை வந்துவிட்டது.

"கூழைக்கடா, தம்பி," என்று சொல்லிவிட்டு நடந்தார். அவன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். பிறகு கபானாவுக்குள் போய்விட்டான்.

அவன் போன மறுநாள் அசர் தொழுகைக்குப் பிறகு, மணல்மேட்டில் வைத்திருந்த ஃபோன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தார். ஷிப்லிதான். "காக்கா! அந்தத் தம்பி என்ன எழுதிரிக்காரு தெரியுமா? 'அங்க ஒரு மனிசன் இரிக்கிறதே தெரியல்ல, அவ்வளவு அமைதி' எண்டு! இனி நீங்க எங்கயும் போகத் தேவல்ல. உசிருள்ளவரைக்கும் இங்கயே இரிங்க!"

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார். பயந்துகொண்டிருந்தது நடக்கவில்லை. சந்தோசப்படத்தான் வேண்டும். ஆனாலும் மேட்டைவிட்டு இறங்க மனம் வரவில்லை. "ஒரு மனிசன் இரிக்கிறதே தெரியல்லயாம்," என்று ஒருதரம் சொல்லிப்பார்த்தார்.

பொழுது பட்டது. களப்பில் கைகால் கழுவி ஒளு எடுத்து, மணலில் பாயை விரித்து மஃரிப் தொழுதார். வலப்பக்கம் திரும்பி சலாம் கொடுத்தார், இடப்பக்கமும் கொடுத்தார். ஊர்ப் பள்ளியில் சலாம் கொடுத்து முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்வது வழக்கம். ஆதம்பாவாவின் வலது கை தானாக மணலுக்கு மேலே நீண்டது. அவர் அதை மடக்கவில்லை.