இப்போதைக்கு அத்தா பேரில்

எங்கள் அத்தா எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அவருக்காக துஆ செய்ய வந்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் ஸலாம்.

அத்தா பிறந்தது பொழிச்சலூரில். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தவர். இரும்புக் கடையில் எடுபிடியாக நின்று தொழில் பழகி, பிறகு தாம்பரத்தில் சொந்தமாகக் கட்டடச் சாமான் கடை வைத்தார். அவருக்குக் கோபமே வராது. வரவேண்டியதெல்லாம் எனக்கு வந்துவிட்டது என்பார் அம்மா.

படப்பையைத் தாண்டி ஒரு கிராமத்துக்குச் செங்கல் இறக்கப் போனவர், தகரக் கொட்டகையில் பிள்ளைகள் வெந்துகொண்டே படிப்பதைப் பார்த்தார். மறுவாரம் ஒரு லோடு செங்கல்லைத் தாமாகவே அனுப்பினார். அதைப் பார்த்து ஊரும் கிளம்பியது. கொத்தனார்கள் கூலி வாங்கவில்லை. பெண்கள் மண் சுமந்தார்கள். பிள்ளையில்லாத ஒரு பெரியவர் நிலத்தையே கொடுத்தார்.

அதை யார் பேரில் எழுதுவது என்பதில்தான் வந்தது வினை. மேல்தெருக்காரர் பேரில் என்றால் காலனி ஒப்பவில்லை. காலனிக்காரர் பேரில் என்றால் மேல்தெரு எழுந்து போய்விட்டது. கடைசியில் இரண்டு தரப்பும் அத்தாவிடம் வந்தன.

“நீங்க எங்க ரெண்டு பேருக்கும் வேண்டியவரு பாய். இப்போதைக்கு உங்க பேர்ல இருக்கட்டும். அறக்கட்டளை வெச்சதும் மாத்திக்கலாம்.”

அத்தா சரி என்றார். பள்ளிக்கூடம் எழுந்தது, பிள்ளைகள் வந்தார்கள். அறக்கட்டளைக்கு யார் தலைவர் என்பது மட்டும் முடிவாகவில்லை. அந்த ‘இப்போதைக்கு’ அத்தாவின் ஆயுளையே தின்றது.

சுற்றிலும் மனை போட்டு விற்கத் தொடங்கியதும் ஊருக்குப் பயம் வந்தது. ஒருமுறை அத்தா கோவையில் என் தம்பி வீட்டுக்குப் போனார். பாய் நிலத்தை விற்றுவிட்டு ஓடிவிட்டார் என்று பேச்சு கிளம்பி, ஊர்க்காரர்கள் கடை வாசலில் வந்து நின்றார்கள். பேரனைச் சரியாகக் கொஞ்சக்கூட இல்லை, திரும்பிவிட்டார். பிறகு எந்த ஊருக்கும் போகவில்லை. வெள்ளிதோறும் தொழுகை முடித்து, வலிக்கிற முழங்காலோடு பஸ் ஏறிப் பள்ளிக்கூடத்துக்குப் போவார்.

“எதுக்குத்தா இந்த அலைச்சல்?”

“சும்மா மூஞ்சியக் காட்டிட்டு வரேன்மா. பார்த்தா அவங்களுக்கு ஒரு நிம்மதி.”

ஹஜ்ஜையும் அப்படியே தள்ளிப்போட்டார். கடைசிவரை போகவேயில்லை. இதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

மருத்துவமனையில் இருந்தபோது இரு தெருப் பெரியவர்களும் பழம் வாங்கி வந்தார்கள். மேல்தெருக்காரர் வெளியேறும்வரை காலனிக்காரர் மாடிப்படியில் காத்திருந்தார். “ரெண்டு பேரும் ஒண்ணா உள்ள வாங்களேன், பேசி முடிச்சிடலாம்” என்று கெஞ்சினார் அத்தா. வரவில்லை. அந்த வாரமே வஃபாத்தானார்.

ஜனாஸாவுக்கு ஊரே வந்து அழுதது. அது பொய் அழுகை இல்லை. ஆனால் கண்ணைத் துடைத்த கையோடு என்னிடம் வந்தார்கள்.

“தம்பி வெளியூர்ல கீறாரு. நீ இங்கதானம்மா கீற. உன் பேர்ல மாத்திக்கோ.”

அம்மாவும் தம்பியும் விட்டுக்கொடுத்தார்கள். இன்று நிலம் என் பேரில் இருக்கிறது. என் கணவருக்கு மதுரைக்கு மாற்றலாகி, அவர் மட்டும் போயிருக்கிறார். நான் தாம்பரத்தில் இருக்கிறேன்.

அத்தாவுக்கு ரத்தம் கொடுத்த பழைய மாணவர்களுக்கு எங்கள் நன்றி. யார் எந்தத் தெரு என்று நாங்கள் கேட்கவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்ட அக்கம்பக்கத்தாருக்கும், அடக்கம்வரை கூட நின்ற ஜமாஅத்தாருக்கும் நன்றி.

இரு தெருப் பெரியவர்களே, உங்களுக்கும் நன்றி. நீங்கள் ஒன்றாக வந்து சொல்லும் நாளில் கையெழுத்துப் போட நான் தயார். என் மகள் இப்போதுதான் பள்ளியில் சேர்ந்திருக்கிறாள். நாளைக்கு அவள் பேரைக் கேட்டு வந்துவிடாதீர்கள்.