மலைப்பக்கம் சாய்ந்த படகு

சின்னக்கானலிலிருந்து படகு வாங்கப் புறப்பட்ட எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. தேயிலை ஃபாக்டரித் தூசி மூச்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் அப்பா வேலையை விட்டிருந்தார். வேலையோடு எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். கீழே அணையில் மீன் பிடிக்க அனுமதி கிடைத்திருந்ததால், நல்ல மோட்டார் படகு ஒன்று அமைந்தால் இங்கேயே பிழைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் போடியில் மாமா வீட்டில் போய் ஒண்ட வேண்டியதுதான். அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள்.

"மீனு மட்டும் ஏறுத படகு வேண்டாம். ஞாயித்துக்கெழம நாங்களும் ஏறணும்."

படகைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு சித்தப்பாவுடையது. சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறவர். ஜீப் தெரிந்தவருக்குப் படகு தெரியாதா என்பது எங்கள் குடும்பத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. நாங்கள் மலையிறங்கிப் போய்ச் சேர்ந்த கடலோரக் காயல் கரையில் விற்பனைக்கு நின்ற நீலப் படகைச் சுற்றி வந்து, பக்கவாட்டில் ஓர் உதை கொடுத்து, "ஏத்தத்துல இழுக்குமா?" என்று கேட்டார். விற்கிறவர் மெலிந்த மலையாளி. தண்ணீரை ஒருமுறை பார்த்துவிட்டு, "இழுக்கும்" என்றார். எவ்வளவு பொறுமைசாலி என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

அந்தப் படகு ஒல்லியாக, கூர்மூக்கோடு இருந்தது. பார்த்ததுமே எனக்கு அதன்மேல் உயிராகிவிட்டது. எல்லோரையும் ஏற்றிக்கொண்டு படகுக்காரரே ஓட்டிக் காட்டினார்.

எங்கள் மலையில் ஜீப்பில் போகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வளைவில் பள்ளம் தெரிந்தால், யாரும் சொல்லாமலே எல்லோரும் மலைப்பக்கம் சாய்ந்துவிடுவோம். அன்று நடுக்காயலில் அவர் படகைக் கரையை நோக்கித் திருப்ப, அது அந்தப் பக்கமாக லேசாகச் சரிந்தது. "மலைப்பக்கம் சாயுங்க" என்றார் சித்தப்பா. கரைதான் மலை, காயல்தான் பள்ளம் என்று எங்கள் உடம்புகளே முடிவு செய்துகொண்டன. ஐந்து பேரும் ஒன்றாகக் கரைப்பக்கம் விழுந்தோம். தண்ணீர் மடமடவென்று உள்ளே வந்தது. படகுக்காரர் எதிர்ப்பக்கம் பாய்ந்து மோட்டாரை நிறுத்தியிராவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அம்மா மடியில் இருந்த தம்பி தலையோடு நனைந்து, அழக்கூட மறந்து விழித்தான்.

கரையேறியதும் அப்பா ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே, "பழகிரும். இதையே எடுத்துக்கிடுதோம்" என்றார். அவருக்கும் அதன்மேல் ஆசை.

"தர மாட்டேன் அண்ணா" என்றார் படகுக்காரர். "இது ஒத்தையா மீனுக்குப் போறவனுக்குள்ள வள்ளம். பிள்ளைகுட்டிகளோட கேறினா சரியாவாது."

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. மலைக்காரன் என்றால் இவ்வளவு இளக்காரமா என்று சித்தப்பா முறைத்தார். நான் அந்த மனிதரை மனதுக்குள் எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளாலெல்லாம் திட்டினேன்.

அவர் தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, வீட்டை ஒட்டித் தென்னையில் கட்டியிருந்த ஓர் அகலப் படகைக் காட்டினார். "அது எடுத்துக்கோங்க. எல்லாரும் ஒரு பக்கம் சாஞ்சாலும் மறியாது." உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அவர் போய்ப் படகின் கயிற்றை அவிழ்த்தார்.

நாங்கள் ஏறி, வேண்டுமென்றே ஒரே பக்கம் உட்கார்ந்து பார்த்தோம். குளத்தில் கிடக்கும் எருமைபோல அது சற்றே தாழ்ந்து அப்படியே நின்றது. பலகைகளைக் கழற்றினால் வலை போட இடம், மாட்டினால் எட்டுப் பேர் உட்காரலாம். அம்மா முதன்முறையாகச் சிரித்தாள்.

அந்தப் படகுதான் எங்களை வளர்த்தது. வாரமெல்லாம் மீன், ஞாயிற்றுக்கிழமை நாங்கள். போடியிலிருந்து வந்த மாமா குடும்பம் மொத்தமும் அதில் ஏறி அணையைச் சுற்றியிருக்கிறது. நான் படித்ததும் அதன் புண்ணியம்தான்.

பல வருஷம் கழித்து, மோட்டாருக்கு ஒரு பாகம் கேட்டு அப்பா அவருக்குப் போன் செய்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அவர் விற்க நினைத்தது நீலப் படகை மட்டும். அகலப் படகு அவர்கள் குடும்பமாகப் போய்வர வைத்திருந்தது. எங்களுக்குக் கொடுத்த பிறகு அப்படி ஒன்று அவர்களுக்கு அமையவே இல்லையாம்.

அன்று படகை லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது, அந்த வீட்டு வாசலில் என் வயதுப் பெண் ஒருத்தி நின்று அழுதுகொண்டிருந்தாள். எங்களைப் பிரிய மனமில்லாமல் அழுகிறாள் என்று எனக்கு ஒரே பெருமை. அவள் கண்ணிலிருந்து மறையும்வரை சிரித்துக்கொண்டே கையாட்டினேன்.