வீட்டு எண் எழுதாத கடிதம்

எங்கள் தாமான் குடியிருப்பில் நாய் வளர்க்க வேண்டுமென்றால் நாயைவிட முக்கியம் பக்கத்து வீட்டுக்காரர். மஜ்லிஸ் என்று நாங்கள் சொல்லும் நகராண்மைக் கழகத்தின் விண்ணப்பப் பாரத்தில், கடைசிப் பக்கத்தில், "இந்த நாயால் எனக்குத் தொந்தரவு இல்லை" என்று அவர் ஒப்பமிட வேண்டும். இல்லாவிட்டால் லைசன்ஸ் கிடையாது. என்னுடையதைப்போல ராட்வைலராக இருந்தால் இன்னும் கெடுபிடி. கேட்டில் எச்சரிக்கைப் பலகை, கழுத்தில் எண் போட்ட தகடு, வெளியே கூட்டிப்போனால் சங்கிலியோடு வாய்ப்பூட்டு. இதெல்லாம் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அந்த ஒப்பமும் வருடா வருடம் புதிதாக வேண்டும்.

எனக்கு அந்தக் கவலை இருந்ததில்லை. என் வீடு மூலை வீடு. ஒட்டியிருப்பது ஒரே வீடு, அதில் இருப்பவர் அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை. புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தோம். அவர் பால் எடுக்க மரம் வெட்டினார், நான் ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்தேன். தோட்டம் கைமாறி எல்லாரும் வெளியேறியபோது, "ஒட்டி வீடு எடுத்துக்குவோம் தம்பி, ஒருத்தருக்கு ஒருத்தர் தொணையா இருக்கும்" என்று சொல்லி என்னைத் திகாம் பத்துவுக்கு அழைத்து வந்தவரே அவர்தான்.

நாயைக் கொண்டு வந்தவரும் அவர்தான். என் மனைவி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது மோட்டாரில் வந்த இரண்டு பேர் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். அதன் பிறகு நான் வேலைக்குக் கிளம்பினால் அவள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே கிடப்பாள். ஒரு சனிக்கிழமை அண்ணன் கூடையில் ஒரு கறுப்புக் குட்டியோடு வந்து நின்றார். "இது வளர்ந்துச்சுன்னா ஒரு பய கேட்டுகிட்ட வரமாட்டான்லா." வளர்ந்தது. என் மனைவி மறுபடியும் வாசலில் துணி உலர்த்தினாள். எனக்கு அது போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வரிசையில் யாருக்கு எந்த அரசாங்கப் பாரம் வந்தாலும் என் வீட்டுக்குத்தான் வரும். மலாயில் கடிதம் எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம். தோட்டத்து ஆபீசில் துரைக்கே எழுதிக் கொடுத்த கை இது என்று சொல்லிக்கொள்வேன். ஓய்வு பெற்றும் சட்டைப்பையில் பேனா இல்லாமல் நான் இருந்ததில்லை.

போன வருடக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் வந்து போர்ச்சில் உட்கார்ந்தார். நாய் வழக்கம்போல ஓடிவந்து அவர் பாதத்தில் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது.

"ஒரு சூராட் எழுதணும் தம்பி, புகார்க் கடுதாசி. நாய்த் தொல்லை. மஜ்லிஸுக்குக் கொடுக்கணும்."

"எந்த வீட்டு நாய்ண்ணே? பின்சந்து வீடா?"

அந்த வீட்டுக்காரர்கள் சமீபத்தில்தான் குடிவந்தார்கள். அவர்களுடைய நாயும் பெரிதுதான். அண்ணன் தலையை ஆட்டினாரா, வெறுமனே காலை நகர்த்தினாரா என்று இப்போது எவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை. "நம்பர் சரியாத் தெரியல. காலியா விடு, நான் பார்த்துப் போட்டுக்கறேன்" என்றார்.

நான் எழுதினேன். எழுதினேன் என்ன, வரிந்துகட்டிக்கொண்டு எழுதினேன். ஆபத்தான வகை நாய், வாய்ப்பூட்டு இல்லாமல் தெருவில் கூட்டிப்போகிறார்கள், வயதானவர்களும் பிள்ளைகளும் பயப்படுகிறார்கள் என்று அவர் சொன்னதையெல்லாம். அத்தோடு விட்டேனா? "பக்கத்துல இருக்கறவங்க சம்மதத்தை வாபஸ் வாங்குறோம்னு ஒரு வரி போட்டா லைசன்ஸ் புதுப்பிக்கவே மாட்டாங்கண்ணே. எனக்குத்தான் இந்த ரூல் அத்துப்படியாச்சே" என்றேன்.

"அப்ப அதையும் எழுதிடு தம்பி."

எழுதிக் கொடுத்தேன். அவர் குனிந்து நாயின் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

இந்த வருடம் பிறந்ததும் லைசன்ஸ் புதுப்பிக்கப் போனேன். பக்கத்து வீட்டு ஒப்பத்தைப் பிறகு வாங்கித் தருகிறேன் என்று சொன்னால் போதும் என்ற நினைப்பு. கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் கோப்பைப் புரட்டிவிட்டு முகத்தைச் சுளித்தார். புகார் வந்திருக்கிறது, சம்மதமும் வாபஸ் ஆகிவிட்டது, இரண்டு வாரத்துக்குள் நாயை அப்புறப்படுத்த வேண்டும் என்றார். யார் கொடுத்தது என்று கேட்டேன். சொல்லக் கூடாது என்றார். ஆனால் நல்ல பெண். நான் நம்பவில்லை என்று தெரிந்ததும், கீழே இருந்த பெயரையும் ஒப்பத்தையும் உள்ளங்கையால் மூடிக்கொண்டு கடிதத்தை என் பக்கம் திருப்பினார்.

பாவம், எதை மூடி என்ன? மேலே இருந்தது முழுக்க நான் எழுதியது. வீட்டு எண் மட்டும் வேறு பேனாவில், கோணலாக. என் வீட்டு எண்.

சட்டென்று ஞாபகம் வந்தது, காலையில் நடக்கும்போது நான்தான் பல நாள் வாய்ப்பூட்டை ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போயிருக்கிறேன். என்மேல் இருந்த குற்றத்தையே என்னைக்கொண்டே எழுத வைத்திருக்கிறார். எப்படி மோட்டாரை ஓட்டி வந்தேன் என்று தெரியாது. நேரே அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"மக பிரசவத்துக்கு வர்றா. பச்சப்புள்ள இருக்கற வீடு தம்பி. அவளுக்கு அந்த நாயைக் கண்டா நடுக்கம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே. உள்ள கட்டியிருப்பேன், வேலியை ஒசத்தியிருப்பேன்."

"நாயை அனுப்பியிருப்பியா?"

நான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற நாயைப் பார்த்தேன்.

"அதான்" என்றார். "வேற யார்கிட்ட போவேன்? எனக்கு எழுதத் தெரியுமா?"

கோபத்தைவிட அந்தக் கேள்விதான் என்னை உடைத்தது. என் முதுகில் குத்த அவருக்குக் கத்தி வேண்டியிருந்தது, அதற்கும் என்னிடமே வந்திருக்கிறார். நானும் தீட்டிக் கொடுத்திருக்கிறேன்.

பண்டார் பாருவில் செம்பனைக் காடு வைத்திருக்கும் என் மச்சான் லோரி கொண்டு வந்தான். நாய் ஏறவில்லை. நடுவேலிக்குப் போய் நின்றுகொண்டது. தினமும் காலையில் அண்ணன் அந்த இடத்தில்தான் ரொட்டித் துண்டு போடுவார். அவர் வீட்டு ஜன்னல் சாத்தியிருந்தது. கடைசியில் மச்சானும் நானும் தூக்கித்தான் ஏற்றினோம். தகட்டை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். என் மனைவி துணிகளை இப்போது வீட்டுக்குள்ளே உலர்த்துகிறாள்.

பேரன் பிறந்து ஒரு வாரம் கழித்து அண்ணன் கேட்டருகே வந்து நின்றார். கையில் ஒரு பாரம். பிறப்புப் பதிவு.

"தம்பி, இதைக் கொஞ்சம்..."

"பேனா இல்லண்ணே" என்றேன்.

அவர் என் சட்டைப்பையைப் பார்த்தார். நானும் மறைக்கவில்லை.